காலி மனை என்று எழுதச் சொன்னது யார்?

ஒரு லட்சத்து இருபத்தாறாயிரத்து ஐந்நூறு.

ரைட்டர் அந்தத் தொகையை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். யாருடைய கல்யாணத்துக்கோ வந்த பத்திரிகையின் பின்பக்கம் அது. கள்ளக்குறிச்சி பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், தகரக் கூரை போட்ட கடை. மேலே வெயில், உள்ளே பிரிண்டர் சூடு. அந்தக் கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு அன்றைக்குக் கை கால் சில்லிட்டுப் போனது.

"இது இன்னா சார்?" என்றேன்.

"கவர்மென்ட்டுக்குக் கட்ட வேண்டியது டீச்சர். முத்திரைத் தீர்வை ஏழு பர்சென்ட்டு, பதிவுக் கட்டணம் நாலு பர்சென்ட்டு. ரெண்டும் சேத்து."

"வூட்டு வெலையிலயே இதுவும் அடக்கம்தானே?"

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்களோ, சிரிக்கவில்லை. "வூட்டு வெல அய்யாவுக்கு. இது தனி. என் எழுத்துக் கூலி, வில்லங்கம் போட்டுப் பாக்கறது, நகல், பட்டா மாத்தறது எல்லாம் இன்னும் இதுல வரல," என்றார்.

என் கைப்பையில் பத்திரச் செலவுக்கு என்று எடுத்து வைத்திருந்தது பதினைந்தாயிரம். அதிலும் மீதி வரும், வரும் வழியில் ஒரு ஃபேன் வாங்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பதினைந்தாயிரம் எங்கிருந்து வந்தது

இந்தத் தொடரை இடையில் எடுத்துப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கல்வராயன்மலையில் அங்கன்வாடி டீச்சர். காலை பஸ்ஸில் கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறி, சாயங்கால பஸ்ஸில் கீழே இறங்குகிறவள். என் வீட்டுக்காரர் மணிவேல் கள்ளக்குறிச்சியில் டூவீலர் மெக்கானிக். பத்தொன்பது வருஷம் வாடகை வீடு. அந்த வீடுகளில் தண்ணீருக்கும் ஆணி அடிப்பதற்கும் நான் போட்ட சண்டைகளைப் போன வாரங்களில் படித்திருப்பீர்கள்.

வீட்டின் விலை பதினெட்டு லட்சம். ரிஷிவந்தியம் பக்கத்தில் இவருக்கு இருந்த பங்கு நிலத்தை அண்ணனுக்கே விட்டுக்கொடுத்து வாங்கிய பணம், என் சீட்டுப் பணம், நகை அடகு. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துத்தான் பதினெட்டு வந்தது.

பத்திரத்துக்குப் பதினைந்தாயிரம் என்று எப்படிக் கணக்குப் போட்டோம் என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. என் மாமனார் காலமான பிறகு அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தார்கள். அதற்குச் சில ஆயிரங்கள்தான் ஆனது. இவர் வாழ்க்கையில் பார்த்த ஒரே பத்திரம் அது. நிலத்தைப் பதிந்ததற்கே அவ்வளவுதான் ஆனது, இத்தனூண்டு வீட்டுக்கு என்ன ஆகப்போகிறது என்று இவர் சொன்னார். நானும் நம்பினேன்.

ரத்த உறவுக்குள் பிரித்துக்கொண்டால் ஒரு கணக்கு, வெளி மனிதரிடம் கிரயம் வாங்கினால் வேறு கணக்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சரியாகச் சொன்னால், நாங்கள் யாரையும் கேட்கவில்லை. ஒரு கத்தரிக்காயை நான்கு முறை புரட்டிப் பார்த்து வாங்குகிற நான், வீடு வாங்கும்போது செலவு எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பி வந்திருந்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

மூன்று விலை

அன்றைக்கு ரைட்டர் எனக்கு நடத்திய பாடத்தை அப்படியே சொல்கிறேன். வீடு வாங்கப் போகிறவர்கள் யாராவது படித்தால் என் மாதிரி விழிக்காமல் இருக்கட்டும்.

ஒரு வீட்டுக்கு மூன்று விலை. வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசிக்கொண்டது ஒன்று. அந்தத் தெருவுக்கு அரசாங்கம் குறித்து வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு ஒன்று. மனைக்கு அதைப் போட்டு, மேலே உள்ள கட்டடத்துக்குத் தனியாக மதிப்புப் போட்டுச் சேர்த்தால் மூன்றாவது. பேசிய விலை அதிகமென்றால் அதன் மேல்தான் தீர்வை கட்ட வேண்டும். ஆனால் ஊரில் யார் அப்படிக் கட்டுகிறார்கள்?

"நெசமா குடுக்கற பதினெட்டுக்குப் போட்டா ஒரு லட்சத்துத் தொண்ணூத்தெட்டாயிரம் வரும் டீச்சர். நான் மனைக்கு ஆறரை, கட்டடத்துக்கு அஞ்சு, ஆக பதினொன்னரை லட்சத்துக்குத்தான் கணக்குப் போட்டுக்கினு கீறன். இதுவே கம்மி பண்ணி எழுதுனதுதான்," என்றார்.

இப்போது பதிவுக் கட்டணத்தைக் குறைத்து, வழிகாட்டி மதிப்பை ஏற்றியிருக்கிறார்கள். நான் சொல்வது அதற்கு முன்னால்.

பெஞ்சின் அந்த ஓரத்தில் வீட்டை விற்கிற கோவிந்தசாமி ஐயா உட்கார்ந்திருந்தார். மரக்கடையில் கட்டைகளை அளந்து கன அடி சொல்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சின்னசேலத்தில் இருந்ததால், கணவனும் மனைவியும் அவளோடு போய் இருந்துவிடலாம் என்று வீட்டை விற்றார்கள். அதிகம் பேசமாட்டார். பேசிய விலையில் ஒரு ரூபாய் ஏற்றவில்லை, இறக்கவும் விடவில்லை.

இவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "செல்வி, அடுத்த வருசம் பாத்துக்கலாமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு வாசல்படி வரைக்கும் வந்துவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போவதா?

மலையில் ஒரு வீடு போன விதம்

இந்த இடத்தில் மலைக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது.

எங்கள் மையத்துக்குப் பின்னால் மண்சுவரும் புல்கூரையுமாக ஒரு வீடு இருந்தது. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் வீட்டைக் காணோம். மண்சுவர் மட்டும் இடுப்பளவுக்கு நிற்கிறது. கதவு, நிலை, கம்பு, கூரை எதுவும் இல்லை. நான் புயல் கியல் அடித்துவிட்டதோ என்று பதறிப்போய்க் கேட்டேன்.

சத்துமாவு பாக்கெட் வாங்க வந்த பூங்கொடி சொன்னாள்: "எடத்த மச்சானுக்குக் குடுத்துட்டாங்க டீச்சர். வூட்டப் பிரிச்சி எடுத்துக்கினு மேலூருக்குப் போயிட்டாங்க."

"எடத்த வித்தா வூடும் சேந்துதானே போவும்?"

"அது எப்பிடி? எடம் வேற, வூடு வேற. வூடு கட்டுனவங்களுதுதானே?"

நான் கீழே வந்து இதை இவரிடம் சொல்லிச் சிரித்தேன். பத்திரம் இல்லாத ஊர், அதனால் இப்படி என்று எனக்கு ஒரு மிதப்பு.

"ஆனா" என்ற வார்த்தைக்குப் பின்னால்

ரைட்டர் கடைக்கு வருகிறேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாளை இழுத்தேன். கட்டடத்துக்கு ஐந்து லட்சம் என்று தனியாக இருந்த வரியில் விரலை வைத்தேன்.

"இந்தக் கட்டடத்த எழுதியே ஆவணுமா?"

ரைட்டர் கொஞ்சம் யோசித்தார். "சில பேரு காலி மனைன்னு எழுதிக்கறாங்க. மனைக்கு மட்டும் போட்டா எழுவத்தோராயிரத்து ஐநூறுதான். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்கு மேல் அவரை நான் பேசவிடவில்லை. ஐம்பத்தைந்தாயிரம் மிச்சம். கழுத்தில் கிடக்கிற சங்கிலியை வைத்தால் எழுபத்தோராயிரத்தைப் புரட்டிவிடலாம். "அப்பிடியே எழுதிடுங்க சார்," என்றேன்.

கோவிந்தசாமி ஐயா எழுந்து வந்தார். "டீச்சர், வூட்ட வச்சிக்கினே இல்லன்னு எழுதறது இன்னா நாயம்?"

"ஐயா, உங்களுக்கு இதுல இன்னாங்க நஷ்டம்? உங்க காசு ஒத்த ரூவா கம்மியாவாதுங்க."

"நஷ்டத்துக்குச் சொல்லல டீச்சர். நெலைக்கும் கதவுக்கும் ஒவ்வொரு கட்டையா நானே பொறுக்கி எடுத்துக் கட்டுன வூடு. அது இல்லன்னு நானே கையெழுத்துப் போடணுமா?"

எனக்குக் கோபம்கூட வந்தது. நாங்கள் பணத்துக்குத் தவித்துக்கொண்டிருக்கிறோம், இவர் கட்டையைப் பற்றிப் பேசுகிறாரே என்று. காய்கறிக் கடையில் பேசுகிற அதே வாயால் பேசினேன். வெறும் காகிதம்தானே என்றேன். எல்லாரும் செய்கிறதுதானே என்றேன். இந்தத் தேதி போனால் எங்களால் வாங்கவே முடியாது என்றேன். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் உண்மை.

அவர் இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறவங்க நீங்க. நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கேலியாகச் சொல்லவில்லை. அவருக்குக் கேலி தெரியாது.

வெட்டவெளியில் பால் காய்ச்சினோம்

அடுத்த புதன்கிழமை முகூர்த்த நாள். ஊரில் பாதிப்பேர் டோக்கன் வாங்கிக்கொண்டு பதிவு அலுவலகத்தில்தான் நின்றார்கள். ராகுகாலம் தொடங்குவதற்குள் எங்களைக் கூப்பிட்டுவிட வேண்டுமே என்று நான் வேண்டாத சாமியில்லை. இடத்தின் போட்டோவைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும் என்ற விதியெல்லாம் அப்போது வரவில்லை. கைரேகை, கேமராவில் முகம், கையெழுத்து. முடிந்தது. 'மேற்படி மனையில் கட்டடம் ஏதும் இல்லை' என்ற வரிக்குக் கீழே கோவிந்தசாமி ஐயா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சினோம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, மேலே தளம், பின்னால் துணி துவைக்கிற கல். பத்திரப்படி பார்த்தால் நாங்கள் வெட்டவெளியில்தான் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினோம். இதை நானே தமாஷாகச் சொல்லி விருந்தாளிகளைச் சிரிக்க வைத்தேன்.

அப்புறம் இரண்டு வருஷம் என் வாய் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் ஐம்பத்தைந்தாயிரம் மிச்சம் பிடித்த கதையைச் சொன்னேன். மீட்டிங்கில் மற்ற டீச்சர்களுக்கு யோசனை சொன்னேன். அதைக் கேட்டு எத்தனை பேர் அப்படியே எழுதினார்களோ தெரியாது. அவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று இப்போது ஆசைப்படுகிறேன்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. வீட்டு வரியை என் பெயருக்கு மாற்றப் போனால் வீடு வாங்கிய பத்திரம் கேட்பார்கள். என்னிடம் இருப்பதோ மனைப் பத்திரம். கரண்ட் இணைப்பும் அப்படித்தான். அதனால் இரண்டும் கோவிந்தசாமி ஐயா பெயரிலேயே கிடந்தன. வரியை அவர் பெயரில் நான் கட்டுவேன். கரண்ட் பில் வந்ததும் அவர் போனுக்கு மெசேஜ் போகும். உடனே சின்னசேலத்திலிருந்து கூப்பிடுவார்.

"டீச்சர், கரண்ட் பில்லு வந்துகீதுங்க. மறக்காம கட்டிடுங்க. வூடு நல்லா கீதா?"

ஒரு தடவை அவர் போன் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் மனைவி ராஜாமணி அம்மா பேசினார். தூக்கத்திலேயே போய்விட்டாராம். கருமாதிக்கு நானும் இவரும் போய் வந்தோம்.

மகன் வந்தான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "டீச்சர்," என்று கூப்பிட்டபடி ஒருவன் நின்றான். சரவணன், கோவிந்தசாமி ஐயாவின் மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கருமாதியில் பார்த்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். இவர் தட்டில் தோசை வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு பிளாஸ்டிக் கவரைத் திறந்தான். வீட்டு வரி ரசீதுகள். பத்து, பன்னிரண்டு வருஷத்தது இருக்கும். மேலே எங்கள் பத்திரத்தின் நகல்.

"எடம் உங்களுது டீச்சர். அதுல ஒண்ணும் தகராறு இல்ல. வூடு எங்க அப்பாவுது."

நான் சிரித்துவிட்டேன். தோசை சாப்பிட்டுவிட்டு விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன்.

"அப்பா மனையதான் வித்துகீறாரு. வூடு இல்லன்னு நீங்களே எழுதி வாங்கிகீறீங்க. வரி இன்னும் அப்பா பேர்ல, கரண்ட்டு அப்பா பேர்ல. அப்போ வூடு யாருது?"

"நாங்க பதினெட்டு லட்சம் குடுத்தோமேப்பா."

"பத்திரத்துல ஆறரைதானே கீது?"

அவன் குரலை உயர்த்தவே இல்லை. வீட்டுக்கென்று தனியாக நான்கு லட்சம் கொடுங்கள், நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றான். முடியாவிட்டால் எங்கள் மூன்று பேருக்கும், அதாவது அம்மா, அக்கா, அவனுக்கு, மாசம் ஐயாயிரம் வாடகை கொடுங்கள் என்றான்.

வாடகை. என் வீட்டுக்குள் நின்றுகொண்டு, என் அடுப்பில் சுட்ட தோசையைத் தின்றுவிட்டு, என்னிடமே வாடகை கேட்கிறான். அடுப்பில் கல் காய்ந்து புகைந்தது. யாரும் அணைக்கவில்லை.

அவன் போன பிறகு இவர் பத்திரத்தை எடுத்துவந்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

வக்கீல் சொன்னது

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வக்கீலிடம் போனோம். எங்கள் பகுதிக்காரர்தான். பத்திரத்தைப் படித்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொல்லி இப்பிடி எழுதுனீங்க?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"மண்ணோட ஒட்டி நிக்கற கட்டடம் மண்ணு கூடத்தான் போவும். கேஸு போட்டா உங்க பக்கம் நாயம் கீது," என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அதை அவரே எடுத்துக்கொண்டார். "ஆனா கோர்ட்டுல இன்னா சொல்லுவீங்க? வாங்கும்போதே வூடு இருந்துச்சின்னு சொல்லணும். அப்பிடின்னா பத்திரத்துல சொன்னது பொய்யின்னு நீங்களே ஒத்துக்கினு, கட்டாம விட்ட தீர்வையக் கட்டணும். வூடு அப்போ இல்ல, நாங்கதான் கட்டுனோம்னா, அந்தப் பையன் கையில பழைய வரி ரசீது கீது. எந்தப் பக்கம் போனாலும் உங்க வாய்தான் உங்களுக்கு எதிரி."

எத்தனை வருஷம் ஆகும் என்று இவர் கேட்டார். வக்கீல் அலமாரியில் அடுக்கியிருந்த கேஸ் கட்டுகளைப் பார்த்தார்.

இன்னொரு வழி இருந்தது. வாரிசுகள் மூன்று பேரும் மனசு வைத்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போடலாம். கட்டடத்தைச் சேர்த்து எழுதி, அதற்கு உண்டான தீர்வையை இப்போதைய மதிப்பில் கட்டிவிட வேண்டும். அதற்கு அவர்கள் கையெழுத்து வேண்டும். அந்த மூன்று கையெழுத்து இல்லையென்றால் நான் வாங்கிய வீட்டில் நான் குடியிருக்கிறவள், அவ்வளவுதான்.

சின்னசேலத்தில்

அன்றைக்கே சின்னசேலம் பஸ் ஏறினேன். இவர் கடையைத் திறக்கப் போய்விட்டார். தனியாகத்தான் போனேன். நான் செய்த காரியத்துக்கு நானே போவதுதான் நியாயம்.

ராஜாமணி அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். பஸ்ஸில் நான் தயார் செய்துகொண்டு வந்த பேச்செல்லாம் மறந்துபோனது. "அம்மா, சரவணன் வந்திருந்தான்," என்றேன்.

"தெரியும். நேத்து போன்ல சொன்னான்," என்றார். "உக்காருங்க டீச்சர்."

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"பத்திரம் முடிஞ்சி வந்த அன்னிக்கு அவரு சோறு திங்கல. இன்னாங்க ஒடம்புக்குன்னு கேட்டன். நம்ம வூட்ட இல்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டன் ராஜாமணின்னாரு. யாரு எழுதச் சொன்னதுன்னு கேட்டன். சொல்லல."

யார் என்று ஐயா சொல்லியிருக்கலாம். டீச்சர்தான் என்று ஒரு வார்த்தை. சொந்தப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நான்தாம்மா," என்றேன். "நான்தான் எழுதச் சொன்னன்."

ராஜாமணி அம்மா என்னைப் பார்க்கவில்லை. முறத்தை எடுத்து இரண்டு தடவை புடைத்தார். "அப்பவே தெரியும். அவருக்கு அதெல்லாம் தோணாது," என்றார். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு, தம்பிக்குப் போன் போடச் சொன்னார்.

போனில் அவர் பேசியது மொத்தமே நாலு வார்த்தை. "வூட்டோடதான்டா வித்தாரு. பதினெட்டும் என் கையாலதான் எண்ணி வாங்குனன். வந்து கையெழுத்துப் போடு." அந்தப் பக்கம் சரவணன் என்னவோ பேசிக்கொண்டே இருந்தான். அம்மா போனை மகளிடம் கொடுத்துவிட்டு மறுபடி உளுந்தைப் புடைக்கத் தொடங்கினார்.

யாருடைய கவனக்குறைவு

அவன் வருவதற்கு ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் நான் வாசலில் யாருடைய செருப்புச் சத்தம் கேட்டாலும் எழுந்து நின்றேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கினார்கள். கட்டடத்துக்கு மதிப்புப் போட்டார்கள். தீர்வை, பதிவுக் கட்டணம், வக்கீல், எழுத்துக் கூலி எல்லாம் சேர்த்தால் நான் அன்றைக்கு மிச்சம் பிடித்ததைவிட நிறையவே போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அது கட்ட வேண்டிய காசு.

அதே அலுவலகம். சார்பதிவாளர் இப்போது ஓர் இளம்பெண். பழைய பத்திரத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பவே வீடு இருந்திருக்கு. அப்புறம் ஏன் காலி மனைன்னு எழுதினீங்க?"

எதிரில் நாங்கள் ஐந்து பேர். ராஜாமணி அம்மா, மகள், சரவணன், இவர், நான். பின்னால் டோக்கனோடு ஒரு கூட்டம். அந்தப் பெண் பொதுவாகத்தான் கேட்டார். ஆனால் பதில் என்னிடம் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். சொன்னால் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ, சரவணன் இன்னொரு தடவை வரமாட்டானோ என்று பயந்து மூடிக்கொண்டேன்.

"எங்க வூட்டுக்காரருதாம்மா," என்றார் ராஜாமணி அம்மா. "வயசாயிடுச்சி. கவனிக்காம அப்பிடி எழுதிக் குடுத்துட்டாரு. இப்போ இல்ல அவரு."

சரவணன் அம்மாவைச் சட்டென்று திரும்பிப் பார்த்தான். நானும் பார்த்தேன். அந்த அம்மா மேசையைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. தன் புருஷன் அப்படிச் செய்கிறவர் இல்லை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

சார்பதிவாளர் தலையசைத்தார். காரணத்தைப் பத்திரத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். எதிர்ச்சாரிக்குப் போனோம். அதே ரைட்டர், அதே தகரக் கூரை. நடந்ததை இவர் சொல்லச் சொல்ல ரைட்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு என் விரல் எந்த வரியில் இருந்தது என்று அவருக்குத் தெரியும். தட்டச்சு செய்து தாளை எடுத்து நீட்டினார்.

"படிச்சிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க டீச்சர். ஒரு தடவ பதிஞ்சிட்டா நெலையா நிக்கும். வில்லங்கம் போடறவங்க, நகல் எடுக்கறவங்க எல்லாரும் பாப்பாங்க."

படித்தேன். 'காலஞ்சென்ற கோவிந்தசாமி அவர்களின் கவனக்குறைவினால், மேற்படி மனையில் இருந்த கட்டடம் விடுபட்டுப்போனபடியால்' என்று இருந்தது. வாழ்நாள் முழுக்க ஒரு அங்குலம் கூடக் குறைய அளக்காமல் அளந்தவருக்குக் கவனக்குறைவு. ராஜாமணி அம்மா பெஞ்சில் உட்கார்ந்து எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். கையெழுத்துப் போட்டேன்.